எங்களுக்கு முன்னால் பேர்னுக்குப் போன பை

இல்ஃபோர்டிலிருந்து ஒரு வாசகி எழுதிக் கேட்டிருந்தார்: "அக்கா, கோச் பஸ்ஸில ஒரு கிழமை சுவிஸ் மலைப்பக்கம் போறம். நடுவில ஒரு நாள் ரயிலில தனியப் போய்ச் சொந்தக்காரரைப் பாத்திட்டு வர ஏலுமோ?" ஏலும் தங்கச்சி, தாராளமாக ஏலும். 1995 ஆவணியில் நானும் என்னவரும் அப்படிப் போய் வென்று வந்தவர்கள். கீழே நான் தரும் நேரமும் விலையும் அன்றையவை. புத்தி மட்டும் இன்றைக்கும் செல்லுபடியாகும்.

அப்போது லண்டன் ரெய்னர்ஸ் லேனில் இருந்தோம். நான் பாதாள ரயில் நிலையமொன்றில் டிக்கெட் விற்றேன், அவருக்குப் பெட்ரோல் செட்டில் கவுண்டர் வேலை. என் ஒரே தம்பி ரமணன் பேர்ன் நகரத்தில் ஒரு உணவகத்தின் குசினியில் இருந்தான். அவனை நான் கடைசியாகக் கண்டது 1984இல், அவனுடைய பத்தொன்பதாவது வயதில். அவனிடம் இருந்த வதிவிட அனுமதியோடு சுவிஸை விட்டு வெளியே வர ஏலாது. எனக்குப் பாஸ்போர்ட் கிடைத்ததே அந்த வருடம் பங்குனியில்தான். பதினொரு வருடமும் போனில் கதைத்துக் கதைத்து அவன் குரல் தடித்துப்போனது தெரியும், முகம் எப்படி ஆனது என்று தெரியாது.

அவன் நாலு பேரோடு ஒரே அறையில் இருந்தபடியால் அங்கே தங்க வழியில்லை. பேர்னில் ஹோட்டல் எடுக்க எங்களுக்குக் கட்டாது. தேடித் தேடி லண்டனிலிருந்து புறப்படும் ஒரு கோச் சுற்றுலாவைப் பிடித்தேன். ஆளுக்கு 289 பவுண், ஏழு இரவு, சாப்பாடும் சேர்த்து, இன்டர்லாக்கனுக்கு மேலே ஒரு மலைக்கிராமத்தில் தங்கல். அந்தக் கிழமையில் புதன்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும்தான் எங்கள் இஷ்டத்துக்கு விட்டிருந்தார்கள். ரமணனுக்குச் சீசன் நேரம், லீவு இல்லை. ஆனால் தினமும் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை குசினியில் இடைவேளை. ஆக, பதினொரு வருடத்துக்கு மூன்று மணித்தியாலம்.

நூலகத்தில் ஐரோப்பிய ரயில் நேர அட்டவணையை எடுத்துவைத்து மூன்று சனிக்கிழமை மினக்கெட்டேன். கிராமத்தில் 12.20க்கு ஏறினால் இருபது கிலோமீற்றர் இறங்கி 12.56க்கு இன்டர்லாக்கன். அங்கே மாறி 13.04 வண்டி, ஐம்பத்தொன்பது கிலோமீற்றர், 13.57க்கு பேர்ன். திரும்ப 17.04. இருவருக்கும் போக வர 118 பிராங்க். "ஸ்டேஷனில மணிக்கூட்டுக்குக் கீழ நிப்பன் அக்கா" என்றான் ரமணன். டிக்கெட் விற்கிறவளுக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு என்று நினைத்துக்கொண்டேன்.

புதன் காலை, பாணுக்கு ஜாம் பூசிக்கொண்டிருந்தபோது என்னவர் பேர்ஸிலிருந்து ஒரு கடதாசியை எடுத்து விரித்தார். ரெய்னர்ஸ் லேன் தமிழ்க்கடை தந்த கலண்டரில் கிழித்த தாள். வேலைக்கே ராகுகாலம் பார்த்து அரை மணி முந்திப் போகிற மனுசன் அவர்.

"இஞ்சாரும், இண்டைக்குப் பன்னிரண்டில இருந்து ஒண்டரை வரைக்கும் ராகுகாலம். உம்மட ரயில் பன்னிரண்டு இருபதுக்கு."

"அப்ப பதினொண்டு இருபது வண்டியில போவம். அங்க போய் நிண்டா என்ன?"

"காசு கட்டின சாப்பாட்டை விட்டிட்டோ?"

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "நல்லா இருந்து சாப்பிடுங்கோ. நான் தனியப் போறன்" என்றேன். பக்கத்து மேசை வெள்ளைக்காரர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

என்னவர் இறங்கிவந்தார். ராகுகாலம் தொடங்க முன்னமே பயணப் பையை வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. நம்மவர்கள் செய்கிற வேலைதான். ஹோட்டலிலிருந்து ஸ்டேஷன் இரண்டு நிமிட நடை. 11.10க்குப் பையைக் கொண்டுபோய் ஸ்டேஷன் மேடையில் கிடந்த மர வாங்கில் வைத்தார். "சுவிஸில ஆர் களவெடுக்கிறது?" என்று என்னை அடக்கியும் போட்டார். பைக்குள் பருத்தித்துறை வடை, பனங்கட்டி, வறுத்து அரைத்த மிளகாய்த்தூள், டெலிபோன் நம்பர்கள் எழுதிய என் கொப்பி. கோச்சில் எல்லார் பையும் ஒரே மாதிரி என்பதால், மேலே ஒரு மட்டை கட்டி என் பெயரை ஆங்கிலத்திலும் தமிழிலும் கொட்டை எழுத்தில் எழுதி, கீழே பேர்ன் என்றும் போட்டிருந்தேன்.

சாப்பிட்டுவிட்டு 12.15க்கு வந்தால் பையைக் காணோம்!

ஸ்டேஷன்காரர் சிரித்த முகத்தோடு வந்தார். "பேர்ன் பைதானே? அதில் எழுதியிருந்தது. பதினொன்று இருபது வண்டியிலேயே அனுப்பிவிட்டேன்" என்றார் ஆங்கிலத்தில். அவரில் ஒரு பிழையும் இல்லை. ஊர்ப் பெயர் எழுதித் தனியாகக் கிடந்த பையை அந்த ஊருக்கு அனுப்பியிருக்கிறார். ஆனால் ரமணனுடைய உணவகத்தின் பெயரும் நம்பரும் அந்தக் கொப்பியில்தான் இருந்தன, எனக்கு ஒன்றும் பாடமில்லை.

அந்த வழியில் அழகான ஒரு ஏரி வரும் என்பார்கள். நான் பார்க்கவில்லை. பேர்ன் வரும்வரை என்னவருக்கு அர்ச்சனை நடந்தது.

13.57க்கு, சொன்ன நிமிடத்தில், இறங்கினோம். நிமிர்ந்து பார்த்தேன், மணிக்கூடு. அடுத்த மேடையிலும் மணிக்கூடு. அதற்கடுத்ததிலும், கீழே நடைபாதையிலும். ஐயோ கடவுளே, எந்த மணிக்கூட்டுக்குக் கீழே தேடுவது? "முதல்ல பையை எடுப்பம். கொப்பி கிடைச்சா நம்பர் கிடைக்கும்" என்றார் அவர். அன்றைக்கு அவர் சொன்ன ஒரே உருப்படியான வார்த்தை.

பொதிகள் எடுக்கும் கவுண்டரில், கட்டம் போட்ட குசினிக் காற்சட்டையோடு, கன்னம் பருத்த ஒரு மனுசன் எங்கள் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு கவுண்டர்காரரோடு ஜெர்மனில் வாதாடிக்கொண்டிருந்தான். அவன் விரல் மட்டையிலிருந்த தமிழ் எழுத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. திரும்பினான்.

"அக்கா?"

நான் குழறி அழுதுவிட்டேன், வெட்கமே படவில்லை. எனக்கு முதல் ஓடிப்போய் அவனைக் கட்டிப்பிடித்தது என்னவர்தான்.

"ஒரு மணிக்கே கேட்டு வெளிக்கிட்டு வந்திட்டன் அக்கா. ஏழு மணிக்கூட்டுக்குக் கீழ நிண்டு பாத்தன். பயந்து போனன். இதால போகேக்க உங்கட எழுத்தைக் கண்டன். உங்கட எழுத்து எனக்குத் தெரியாதோ?"

"பாத்தீரோ," என்றார் என்னவர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "பையை முதல்ல வைச்சது ஆர்?"

ஆற்றங்கரை வாங்கில் மூன்று பேருமாக வடையை முடித்தோம். ரமணன் வேலை செய்யும் இடத்தை வெளியே நின்று காட்டினான். 17.04க்கு எங்களை ஏற்றிவிட, ஐந்து மணி வேலைக்குப் பிந்தியே போனான்.

உங்களுக்குச் சொல்வது இதுதான் தங்கச்சி. கோச்காரர் எந்த நாளை விட்டிருக்கிறார்கள் என்று லண்டனிலேயே கேளுங்கோ. திரும்பும் ரயிலை முதலில் தெரிவு செய்து, பிறகு போகிற ரயிலைப் பாருங்கோ. நம்பரைப் பையில் வைக்காமல் உடம்போடு வைத்திருங்கோ. மணிக்கூட்டுக்குக் கீழே மட்டும் சந்திக்க வேண்டாம். மூன்று மணித்தியாலம் போதுமோ என்று யோசிக்காமல் போங்கோ. எனக்குப் போதாதுதான், ஆனால் அந்த மூன்று மணித்தியாலத்தை வைத்துக்கொண்டு நான் ஒரு வருடம் சந்தோசமாக இருந்தேன்.

இன்னொன்று. திரும்பி வரும்போது என்னவரின் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ரயில் மணிக்கூட்டில் 5.10, அவரிடம் 4.10. "ஒரு கிழமைக்கு ஏன் மாத்துவான்?" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கலண்டர் லண்டனுக்கு அச்சடித்தது. லண்டன் நேரப்படி நாங்கள் ரயில் ஏறியது பதினொன்று இருபதுக்கு, ராகுகாலமே இல்லை. தம்பியைக் கண்டது பன்னிரண்டு ஐம்பத்தேழு தாண்டி, ராகுகாலத்தின் நட்டநடுவில்.

அவரிடம் சொன்னேன். வழியில் தூண் என்ற ஊரின் ஸ்டேஷன் வரும்வரை விரல் விட்டுக் கணக்குப் பார்த்தார். பிறகு அந்தத் தாளை மடித்துப் பேர்ஸுக்குள் வைத்தார்.

"அப்ப அடுத்த வருசமும் ராகுகாலத்திலேயே வருவம். பையை மட்டும் முதல்ல அனுப்புவம்."