நரைத்த தாடி இறங்கும் இடம்

சம்பளம் தராத கம்பெனியின் தொழிலாளர் கேம்பை விட்டுப் பெட்டியோடு நடக்கிறேன். தோஹா வெயில் தாங்காமல் ஒரு கூடைப்பந்து அரங்கத்துக்குள் ஒதுங்குகிறேன். உள்ளே குளிர். வயதான நட்சத்திரங்களை வாங்கிச் சேர்த்த அணி, தண்ணீருக்குள் ஓடுவதுபோல ஓடிப் பழகுகிறது. பந்து இறங்க மனமில்லாமல் மிதக்கிறது.

தரை துடைக்கிறவர் சிவகங்கைக்காரர். "நரைச்ச தாடிக்காரருதான் கோச்சாண்ணே?" என்று கேட்கிறேன்.

"யோவ், மெதுவாப் பேசு. அவருதான் ஸ்டாரு. முழங்கால் சரியில்ல. வேர்வையில வழுக்கி விழுந்தா சீசன் கலாஸ், முடிஞ்சுது. நம்மள மாதிரியே விசா கேன்சலு, எக்ஸிட்டு."

"பாத்துத் தொடைங்கண்ணே."

"நான் நாளைக்கு லீவுல ஊருக்குப் போறேன். சூப்பர்வைசர்கிட்ட சொல்றேன், நீ தொடைக்கிறியா?"

மறுநாள் காலையிலிருந்து, நரைத்த தாடிக்காரர் குதித்து இறங்கும் இடத்தை ஈரமில்லாமல் வைத்திருப்பது என் வேலை.