காற்று இறங்காத பட்டம்

பூன் லேயில் ஜாஃபரின் வீட்டுக்குக் கடல் பட்டத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் முதலில் திட்டு வாங்க வேண்டும். ரிப்பேர் அதற்கப்புறம்தான். "கார் பூட்லயே போட்டு வேக வச்சியா? பசை இளகாம என்ன செய்யும்?" என்பார். ஜூரோங்கில் கப்பல்களின் உயிர்காப்பு மிதவைகளைச் சோதிக்கும் வேலையில் தலை நரைத்தவர். ஓய்வு பெற்றபின் சும்மா இருக்கத் தெரியாமல் இதைப் பிடித்துக்கொண்டார்.

பலகைமேல் நிற்கும் ஆளைக் கடலில் இழுத்துப்போகும் பட்டம் அது; அதன் முன்விளிம்பில் நீளமாக ஒரு ட்யூப் ஓடும். அதில் காற்று நின்றால்தான் பட்டம் வானத்தில் நிற்கும். கடலில் விழுந்தாலும் மிதக்கும். கசிவு பெரும்பாலும் வால்வு ஒட்டிய இடத்தில்தான். ஜாஃபர் பழைய வால்வைப் பிய்த்து, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, புதியதை ஒட்டி, முழுக்கக் காற்றடித்து ஒரு ராத்திரி ஹாலில் நிறுத்திவைப்பார். காலையில் கட்டைவிரலால் அழுத்தும்போது கல்லாக இருந்தால்தான் பட்டம் வாசலைத் தாண்டும். அதுவரை அவர் மனைவி மைமூன் சுவரோடு ஒட்டிக்கொண்டுதான் சமையலறைக்குப் போக வேண்டும்.

ஷாஹித்தின் சிவப்புப் பட்டத்துக்கு மட்டும் அந்த ராத்திரி கிடைக்கவில்லை. "நாளைக்கு காத்து நல்லா இருக்கு அங்கிள், இன்னிக்கே கொடுங்க லா" என்று கெஞ்சினான். எவ்வளவு திட்டினாலும் சிரிக்கிற பையன். எவருக்கும் வளையாத ஜாஃபர் அவனுக்கு வளைந்தார். மறுநாள் சாங்கி கடலில் ஷாஹித் மூழ்கிப்போனான்.

யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. அதுதான் அவரை அரித்தது. பாதித் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து, ஒட்டிய வால்வின் விளிம்பைத் தடவுவதுபோல் விரலைத் தேய்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் ஷாஹித்தின் மனைவி ஃபர்சானா அந்தப் பட்டத்தோடு வந்து நின்றாள்.

"போலீஸ் திருப்பிக் கொடுத்துட்டாங்க அங்கிள். கடல்லயே காத்து இறங்கிடுச்சா, எடுத்தவங்க போட்ல ஏத்துறதுக்கு இறக்கினாங்களான்னு யாருக்கும் தெரியல. நீங்க பாத்துச் சொல்லுங்க."

"இப்ப அது எதுக்கும்மா?"

"கைட் மிதந்திருந்தா அதப் பிடிச்சுக்கிட்டு கிடந்திருக்கலாமே, ஏன் விட்டாருன்னு அவர் ஃப்ரெண்ட்ஸே கேக்குறாங்க. வேலை போனத என்கிட்ட மறைச்சிருக்காரு அங்கிள். தூங்கல, பேசல. நானும் என்னன்னு கேக்கல." அவள் பட்டத்தைக் கீழே வைத்தாள். "காத்து இறங்கியிருந்தா அது ஆக்சிடென்ட். இறங்கலன்னா, அவரே விட்டுட்டாரா?"

ஜாஃபர் பட்டத்தை உள்ளே எடுத்து வைத்தார். காலையில் வரச் சொன்னார்.

அவள் போனதும் காற்றடித்தார். வால்வைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் பூசிக் கண்ணை எடுக்காமல் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை. வழக்கம்போல் ஹாலில் நிறுத்திவிட்டுப் படுத்தார். தாங்கிவிடு, தாங்கிவிடு என்று மனசுக்குள் துஆ கேட்டது அவளுக்காக அல்ல, தனக்காகத்தான். அந்தச் சுயநலம் அவருக்கே தெரிந்தது.

காலையில் அழுத்திப் பார்த்தார். கல்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று வாய்விட்டுச் சொன்னார். எத்தனையோ நாளுக்குப் பிறகு மூச்சு சீராக வந்தது. சமையலறையிலிருந்து மைமூனும் வந்து தொட்டுப் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்கு மேல்தான் அவருக்கு உறைத்தது. வால்வு தாங்கியது என்றால் பட்டம் மிதந்திருக்கிறது. மிதந்த பட்டத்தை அந்தச் சிரித்த பையன் விட்டிருக்கிறான். கை சோர்ந்து விட்டானோ, மனம் சோர்ந்து விட்டானோ, அது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். ஆனால் ஊர் ஒன்றைத்தான் சொல்லும். அதை அவள் ஆயுசுக்கும் சுமப்பாள்.

வெளியே லிப்ட் திறக்கும் சத்தம் கேட்டது. ஜாஃபர் குனிந்து வால்வைத் திறந்தார். சீறிக்கொண்டு காற்று இறங்கியது. மைமூன் ஏதோ கேட்க வாயெடுத்தாள். அவர் பார்த்த பார்வையில் சமையலறைப் பக்கம் ஒதுங்கினாள். வேகமாக மூடியைத் திரும்ப அழுத்திவிட்டுக் கதவைத் திறந்தார்.

ஃபர்சானா தரையில் சுருங்கிக் கிடந்த பட்டத்தைப் பார்த்தாள்.

"வால்வு தாங்கலம்மா. ராத்திரியே இறங்கிடுச்சு. ஒரு ராத்திரி வச்சுப் பாக்காம அவசரத்துல கொடுத்துட்டேன். என் தப்பு."

"அப்ப அவர் விடல."

"விடலம்மா. பிடிச்சுக்க அங்க ஒண்ணும் இல்ல."

அவள் அப்படியே உட்கார்ந்து அழுதாள். முகத்தில் ஏதோ ஓர் இறுக்கம் கழன்றதை ஜாஃபர் பார்த்தார். கழன்ற பிறகு அந்த முகம் அவர் பக்கம் திரும்பியது. இப்படி வெறுப்போடு அவரை யாரும் பார்த்ததில்லை.

"நம்பித்தானே அங்கிள் உங்ககிட்ட வந்தாரு." எழுந்தாள். "இது எனக்கு வேணாம். இனிமே யாருக்கும் இத செஞ்சு கொடுக்காதீங்க."

"செய்யலம்மா."

அவள் போனபின் மைமூன் மெல்லக் கேட்டாள். "என்னங்க, கல்லு மாதிரில்ல நின்னுச்சு?"

"நிக்கல" என்றார் ஜாஃபர். "யார் கேட்டாலும் நிக்கல."

கத்திரிக்கோலை எடுத்துவந்து தரையில் உட்கார்ந்தார். ட்யூபை வெளியே இழுத்து, தான் ஒட்டிய வால்வைச் சுற்றி வெட்டினார். பசை அப்போதும் விடவில்லை.