வெளிப் படிக்கட்டு

லெனிராவுக்கு முப்பத்தொன்பது வயதில்தான் முதல்முறையாகப் பதிவுள்ள வேலை கிடைத்தது. அந்தச் செய்தியைக் கேட்டு வீட்டில் ஒருவரும் சந்தோஷப்படவில்லை.

ரெசிஃபே நகரின் வடக்கு மேட்டில், பெருமழை வந்தால் சரிந்துவிடும் செம்மண் சரிவில் அவர்கள் வீடு. கீழே ஒரு கூடம், ஒரு படுக்கையறை, அடுப்படி. மேல்தளத்தில் கூரை போட்டதோடு நின்றுபோன ஓர் அறை. அது பூசப்படாமல் நின்றதற்குக் காரணம் அவள் அப்பா அடெமார். கொத்தனார். ஊரார் வீட்டுச் சாரம் முறிந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. எந்த முதலாளியும், வேலையை அரசாங்கத்தில் பதியும் அவருடைய வேலை அட்டையில் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொண்டதில்லை. அதனால் நஷ்டஈடும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. கிடைத்தது அரசாங்கத்தின் மாற்றுத்திறனாளி உதவித்தொகை மட்டும்.

அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒரே கூரையின் கீழ் இருப்பவர்களின் வருமானத்தைக் கூட்டித் தலைக்கு வகுப்பார்கள். கோட்டைத் தாண்டினால் தொகை நின்றுவிடும். அப்பா, அம்மா இவொனெட்டி, கல்யாணமாகாத மகள் லெனிரா, ஆக மூன்று தலை. லெனிரா முதியோரைப் பராமரிக்கும் பயிற்சி முடித்தவள். பணக்காரர் வீடுகளில் கிழவர்களைக் குளிப்பாட்டி, புண் துடைத்து, கூலியைக் கையில் வாங்கி, கையில் கொண்டுவந்தாள். அந்த வருமானம் எந்த ஏட்டிலும் இல்லை. கடைசியாகச் சேர்ந்த முதியோர் இல்லத்தின் உரிமையாளர் ஒருநாள் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: இனி அட்டை இல்லாமல் யாரும் வேலை பார்க்கக் கூடாது, அட்டையைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கு அல்லது போய்விடு.

"போயிடறேன்னு சொல்லிட்டு வா," என்றாள் இவொனெட்டி. "உன் சம்பளமும் அவர் தொகையும் ஒண்ணுதான். ஒண்ணு வந்தா ஒண்ணு போகும். அதுக்கு எதுக்குடி நீ விடிய விடிய ஊரான் வீட்டுக் கிழவனைத் தூக்கணும்?"

"எனக்கு வயசாகாதாம்மா? நாளைக்கு நான் விழுந்தா?"

"விழாம நட."

"அப்பாவும் விழணும்னா ஏறினார்?"

அடெமார் கட்டிலில் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். "அட்டையை வாங்கு," என்றார். "எனக்கு அட்டை இல்லாததாலதான் இந்தத் தொகை. இதைக் காப்பாத்த நீயும் அட்டை இல்லாமக் கிடக்கணும்னா, நல்லாருக்கு நியாயம்."

"உங்க டயபருக்கு உங்க நியாயமா காசு குடுக்கும்?" என்றாள் இவொனெட்டி.

பக்கத்து வீட்டு சுலெய்டிதான் வழி சொன்னாள். மேட்டில் யாருக்கு என்ன அரசாங்கச் சிக்கல் வந்தாலும் அழைக்காமலே வந்து நிற்பாள்.

"கல்யாணம் பண்ணிக்கோடி. கட்டிக் குடுத்த மக கணக்குல வர மாட்டா. புருஷனோட இதே வீட்டுல இருந்தாலும் வர மாட்டா."

"கட்டின மக அப்பனுக்குச் சோறு போட மாட்டாளாக்கா?"

"அதை எங்கிட்ட ஏன் கேக்கறே? சட்டம் எழுதினவனைக் கேளு. மாப்பிள்ளை கெடைக்கலேன்னா படிக்கட்டு கட்டு."

படிக்கட்டு என்பது மேட்டில் எல்லோருக்கும் தெரிந்த வித்தை. மேல்தளத்து அறைக்கு வெளியிலிருந்து ஏற ஒரு படிக்கட்டு, தனிக் கதவு, தனி அடுப்பு இருந்தால் அது தனி வீடு. அங்கே இருப்பவள் தனிக் குடும்பம். அடெமாருக்கு அந்த யோசனை பிடித்துப்போனது. பல வருஷத்துக்குப் பிறகு அவர் கேட்டு வாங்கிச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தது அந்த வாரம்தான். கூலிக்கு வந்த பையன்களைச் சந்தில் உட்கார்ந்தபடி விரட்டினார்.

"டேய், அது படியா, பன்னி சறுக்கற பள்ளமா? உயரம் ஒண்ணு போல வைடா!"

உள்ளே இருந்த பழைய மர ஏணியை எடுத்துவிட்டு, அது ஏறிய கூரைத் துவாரத்தைச் சிமெண்டு போட்டு அடைத்தார்கள். லெனிரா பழைய கேஸ் அடுப்பொன்றை வாங்கி மேலே வைத்தாள். நகராட்சியில் போய்த் தன்னைத் தனிக் குடும்பமாகப் பதிந்தாள். வேலை அட்டையிலும் கையெழுத்து விழுந்தது.

காகிதத்துக்கு அது தீர்வு. உடம்புக்கு அது தொல்லை. அடெமாரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட வேண்டும். இல்லையென்றால் புட்டத்தில் புண் வரும், வந்தால் எலும்புவரை போகும். இவொனெட்டிக்கு வலது தோள் தூக்க வராது; மகள் வேலைக்குப் போன நேரம் மட்டும் எப்படியோ ஒற்றைக் கையால் தள்ளிப் புரட்டுவாள். முன்பு கூடத்தில் படுத்திருந்த லெனிரா எழுந்து நாலடி வைத்தால் போதும். இப்போது கதவைத் திறந்து, மழையில் நனைந்து, வழுக்கும் படியில் இறங்கி, கீழ்க் கதவைத் தட்டி வர வேண்டியிருந்தது. அம்மா துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பாள், மகள் இறங்குவாள். சாண் ஏறினால் முழம் சறுக்கிற்று. மேலே இருந்த அடுப்பை அவள் ஒருநாளும் பற்றவைக்கவில்லை. அதற்கு நேரமும் இல்லை, தனியாகச் சமைத்துத் தனியாகத் தின்னும் பழக்கமும் இல்லை.

மறு ஆய்வு என்று நகராட்சியிலிருந்து ரயானி என்ற சமூகப் பணியாளர் வந்தது ஒரு மதிய நேரம். சின்ன வயது, நல்ல மரியாதை. வெளிப் படிக்கட்டில் ஏறிப் பார்த்தாள், தனிக் கதவைப் பார்த்தாள், அடுப்பையும் பார்த்தாள். கீழே வந்து அடெமாரின் முதுகைப் பார்க்க அனுமதி கேட்டாள். தோல் சுத்தமாக இருந்தது.

"ஒரு புண்ணுகூட இல்லையே! யார் பாத்துக்கறாங்க?"

"நான்தான்," என்றாள் இவொனெட்டி, தூக்க வராத தோளைத் துணியால் மூடிக்கொண்டு.

அடுப்படியில் தண்ணீர் குடிக்கப் போன ரயானி அங்கேயே நின்றுவிட்டாள். அடுப்பு மேடையில் ஒரு தட்டு, அதன்மேல் கவிழ்த்த இன்னொரு தட்டு. வேலைக்குப் போனவருக்கு எடுத்து வைக்கும் சாப்பாட்டை எந்த வீட்டிலும் இப்படித்தான் மூடி வைப்பார்கள். இவொனெட்டி காலையிலிருந்து வீடு முழுக்க மகளின் செருப்பு, சீப்பு, துண்டு என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கி மேலே ஏற்றியிருந்தாள். பதினொரு மணிக்குச் சோறு ஆனதும், கை தானாகத் தட்டில் போட்டு மூடிவிட்டது.

"நீங்க ரெண்டு பேரும் சாப்பிட்டாச்சுன்னு சொன்னீங்களேம்மா. இது யாருக்கு?"

இவொனெட்டி தட்டை எடுக்கக் கை நீட்டினாள்.

அந்த நேரத்தில் காலை ஷிப்டை முடித்துக்கொண்டு லெனிரா உள்ளே வந்தாள். ரயானியைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பக்கத்து வீட்டு நாய்க்கு என்றோ, சுலெய்டிக்கு என்றோ சொல்லியிருக்கலாம். ஐந்து மணிக்கு எழுந்து ஏழு கிழவர்களைக் குளிப்பாட்டிவிட்டு வந்தவளுக்குப் பொய் சொல்லத் தெம்பு இருக்கவில்லை.

"எனக்கு," என்றாள். கை கழுவினாள், மேல்தட்டை எடுத்து வைத்தாள், மொச்சையும் சோறும் வேகவைத்த மரவள்ளிக் கிழங்கும் இருந்த தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள்.

"இதை நான் எழுதணும்," என்றாள் ரயானி மெதுவாக. "ஒரே பானைன்னா ஒரே குடும்பம்."

"எழுதுங்க. அந்தப் படியில மழையில எத்தனை தடவை இறங்கறேன்னும் எழுதுங்க. இவரைத் தூக்க ஆள் வெச்சா என்ன கூலின்னும் எழுதுங்க."

"அதுக்கு இதுல இடம் இல்லைங்க."

"தெரியும்." கடைசி வாயை விழுங்கிவிட்டு எழுந்தாள். "திருப்பற நேரம் ஆச்சு. வந்ததே வந்தீங்க, அந்த இடது காலைப் பிடிங்க. முட்டிக்குக் கீழே இல்ல, மேல. ஆங், அப்படியே."

ரயானி பிடித்தாள். மூவருமாக அடெமாரை ஒருக்களித்துப் போட்டு முதுகுக்குத் தலையணை அண்டக் கொடுத்தார்கள்.

"நல்லா பிடிச்சீங்கம்மா," என்றார் அடெமார் சுவரைப் பார்த்தபடி. "இந்த வேலைக்கு நீங்க சரிப்படுவீங்க. அட்டையோட சேருங்க."

அவள் போன பிறகு இவொனெட்டி தலையில் அடித்துக்கொண்டாள். "எல்லார் வாயிலயும் மண்ணை அள்ளிப் போட்டுட்டியேடி! ஒரு வாய்ச் சோறு ஒரு மணி நேரம் பொறுக்காதா?"

"தட்டை மூடி வெச்சது யாரு?"

அதன்பின் ஒரு வாரம் தாயும் மகளும் பேசவில்லை. துடைப்பக் கட்டை மட்டும் பேசிற்று.

தொகை நின்றது. லெனிரா வேலையை விடவில்லை. அப்பா விடச் சொல்லவில்லை, அம்மா சொல்லியும் பயனில்லை. மேல் அறையை ஓர் இளம் ஜோடிக்கு வாடகைக்கு விட்டு, லெனிரா கூடத்துக்கே திரும்பி வந்தாள். வாடகை டயபருக்குச் சரியாகப் போனது. ஏழைகளுக்கு அரசாங்கம் வைத்துக்கொடுக்கும் வழக்கறிஞரிடம் போனாள். அவர் பொறுமையானவர். டயபர், மருந்துச் செலவைக் காட்டினால் வருமானத்தில் கழிக்கச் சொல்லி வாதாடலாம், மருந்துக்கடை ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள் என்றார். பிறகு பேனாவை நிறுத்திக் கேட்டார்:

"மேல யாராவது இருக்காங்களா?"

"வாடகைக்கு விட்டிருக்கோம்."

"அதுவும் வருமானம்தான். அதையும் சேர்த்துத்தான் காட்டணும்."

கூட வந்திருந்த இவொனெட்டி குனிந்து மகளின் காதில், ஆனால் அறை முழுக்கக் கேட்கும்படி, "மூச்சு விட்டா அதையும் கூட்டி வகுப்பானாமா, கேளு," என்றாள்.

வழக்கறிஞர் சிரிப்பை அடக்கிக்கொண்டு காகிதத்தைப் பார்த்தார்.

"சரி, இப்ப நான் என்ன செய்யணும்?" என்றாள் லெனிரா.

"காத்திருக்கணும். நாங்க கூப்பிடுவோம். மாசக்கணக்கு ஆகலாம்."

"காத்திருக்கேன்," என்று பையைத் தோளில் மாட்டினாள். "வீட்டுல காத்திருக்கேன். அப்பாகிட்ட சுலெய்டி அக்காவை உக்காத்தி வெச்சுட்டு வந்திருக்கோம். அவங்களுக்குப் பேசத்தான் தெரியும், திருப்பத் தெரியாது. அம்மா, எழுந்திரு."