கைக்குழந்தைக் காட்சி

தியேட்டரில் தூளி கட்டக் கம்பி போட்டிருக்கிறார்கள் என்று என் கணவர் வந்து சொன்னபோது, சும்மா கதை விடுகிறார் என்றுதான் நினைத்தேன். சனிக்கிழமை காலைக் காட்சி, கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு மட்டும். விளக்கைப் பாதி எரியவிடுவார்களாம், ஏசியைக் குறைத்து வைப்பார்களாம், குழந்தை அழுதால் யாரும் திரும்பிப் பார்த்து உச்சுக்கொட்ட மாட்டார்களாம். சென்னையில் எங்கோ நடப்பதைப் பார்த்து நம் ஊர்த் தியேட்டர்க்காரரும் ஆரம்பித்திருந்தார். தூளிக் கம்பி மட்டும் அவருடைய சொந்த யோசனை.

"போய்ட்டு வாயேன். ஞாயித்துக்கெழம அக்கா வந்துடும். அதுக்குள்ள நீயும் பாப்பாவும் ஒரு தடவ வெளில போன மாதிரி இருக்கும்" என்றார்.

அக்கா என்று அவர் சொன்னது என் நாத்தனாரை. தென்னேரியில் வாழ்க்கைப்பட்டவர். கல்யாணமாகிப் பல வருடமாகியும் குழந்தை இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து என் மகளைத் தூக்கிக்கொண்டு போவதாக ஏற்பாடு. "நீ தேறி வர்ற வரைக்கும் நான் வெச்சுக்கிறேம்மா" என்றுதான் கேட்டார். அது எவ்வளவு காலம் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. தென்னேரிக்குப் போகிற குழந்தை அங்கேதான் நடக்கப் பழகும், அங்கேதான் பேசும், அவரைத்தான் அம்மா என்று கூப்பிடும். வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். நான் சரி என்று சொல்லியிருந்தேன்.

யாரும் என்னை வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும், சண்டை போட ஒரு காரணமாவது கிடைத்திருக்கும். நான் வாயாடி என்று பேர் வாங்கினவள். பட்டுக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், அலமாரியையே காலி பண்ண வைத்துவிட்டு ஒன்றும் வாங்காமல் எழுந்து போகிற அம்மாக்களிடம், "மடிச்சாவது குடுத்துட்டுப் போங்கம்மா" என்று சொல்லி முதலாளியிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். பிரசவத்துக்குப் பிறகு அந்த வாயாடி எங்கே போய்த் தொலைந்தாளோ தெரியவில்லை. குழந்தை அழுதால் எடுத்தேன், பால் கொடுத்தேன், குளிப்பாட்டினேன், பவுடர் போட்டுக் கன்னத்தில் மை வைத்தேன். ஒரு வேலையிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் மனசு மரத்துப்போயிருந்தது. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்டால் கன்னம் இருக்குமே, அப்படி. தொட்டால் தொடுவது தெரியும், அவ்வளவுதான். இதற்கு ஒரு பெயர் உண்டு, மருந்தும் உண்டு என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். பெற்ற பிள்ளையைப் பார்த்து எனக்கு எதுவும் தோன்றவில்லை. தோன்றாதவளிடம் வளர்வதைவிட, தோன்றுகிறவரிடம் வளரட்டுமே என்று சரி சொன்னேன்.

சனிக்கிழமை வீட்டில் தறியில் புதுப் பாவு நூலைப் பழைய நூலோடு பிணைக்க ஆள் வர வேண்டியிருந்தது. அதனால் என் கணவர் எங்கள் இருவரையும் பைக்கில் கொண்டுவந்து தியேட்டர் வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

உள்ளே போனால் நிஜமாகவே கம்பி இருந்தது. திரைக்குக் கீழே, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் கனமான இரும்புக் குழாய். அதில் வரிசையாகத் தூளிகள். பட்டு நெய்கிற ஊர்தான், ஆனால் ஒரு தூளிகூடப் பட்டில் இல்லை. எல்லாம் வெளுத்துப்போன பழைய நூல் புடவைகள். யார் பட்டில் கட்டுவார்கள், ஒரு மூத்திரத்துக்குத் தாங்குமா? தியேட்டர் முழுக்கப் பவுடரும் பாலும் பாப்கார்னும் கலந்து ஒரு வாசனை. எனக்கு அதுவும் பிடிக்கவில்லை, பிடிக்காமலும் இல்லை. டிக்கெட்டில் போட்டிருந்த இடத்தில் போய் உட்கார்ந்தேன்.

பக்கத்து இருக்கையில் என் வயதுப் பெண் ஒருத்தி பர்தாவோடு உட்கார்ந்திருந்தாள். மடியில் கொழுகொழுவென்று ஒரு பையன். அவள் கணவருக்கு இரும்புக் கடை. இவளை உட்கார வைத்துவிட்டு அவர் கடைக்குப் போய்விடுவாராம். போன வாரமும் வந்தாளாம். நான் ஒன்றும் கேட்காமலே இவ்வளவும் சொன்னாள்.

"பொண்ணாக்கா? எத்தினி மாசம்?"

"அஞ்சு."

"மூக்கு யாரு மாதிரி?"

"தெரியல" என்றேன். நான் வேடிக்கை பண்ணுகிறேன் என்று நினைத்து அவள் சிரித்தாள். எனக்கு உண்மையிலேயே தெரியாது. மூக்கைத் துடைத்துவிட்டிருக்கிறேன், பார்த்ததில்லை.

படம் ஆரம்பித்தது. சத்தத்தை மிகவும் குறைத்து வைத்திருந்தார்கள். கதாநாயகன் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது மாதிரி ஏதோ பேசினான். கொஞ்ச நேரத்தில் முன்னால் ஒரு தூளி ஆடியது, உள்ளே இருந்தது வீறிட்டது. அதைக் கேட்டு அடுத்தது. அப்புறம் சொல்லவே வேண்டாம், கம்பி முழுக்க ஒரே அழுகை. என் மகளும் சேர்ந்துகொண்டாள்.

"சவுண்டு வையிப்பா!" என்று முன்வரிசையில் ஓர் அப்பா எழுந்து கத்தினார்.

மேனேஜர் ஓடிவந்தார். "சார், கொழந்தைங்களுக்கோசரம்தான் சார் கம்மி பண்ணி வெச்சிருக்குது."

"யாருப்பா உன்ன கம்மி பண்ணச் சொன்னது? எம் புள்ள பொறந்ததுலேர்ந்து தறி சத்தத்துலதான் தூங்குது. தறி நின்னா முழிச்சிக்கும். நீ இன்னாடான்னா கோயில் கணக்கா வெச்சிருக்கிற!"

"கோயில்லகூட மேளம் அடிப்பாங்கப்பா" என்று பின்னாலிருந்து ஒரு பெண்குரல்.

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சொன்னது சரிதான். எங்கள் தெருவில் பிறக்கிற குழந்தைகளுக்கு லொடக் லொடக் என்று தறி அடித்தால்தான் கண் சொக்கும். மத்தியானம் சாப்பாட்டுக்குத் தறியை நிறுத்தினால் போதும், தெரு முழுக்க அழுகைச் சத்தம் கேட்கும். மேனேஜருக்கு இது எப்படித் தெரியும், பாவம். எவனோ குழந்தைக்குச் சத்தம் ஆகாது என்று சொல்லியிருப்பான். தலையில் அடித்துக்கொண்டு போய்ச் சத்தத்தைக் கூட்டினார். அந்த நேரம் பார்த்துச் சண்டைக்காட்சி. டமால் டமால் என்று அடி. ஒவ்வொரு தூளியாக அடங்கியது. பக்கத்துப் பெண் தன் பையனைக் கொண்டுபோய்த் தூளியில் போட்டுவிட்டு வந்தாள். என் மகளும் மடியில் தூங்கிப்போனாள். அவள் தூங்கியதைப் பார்த்தது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நினைவில்லை. பிரசவத்துக்குப் பிறகு அப்படி ஒரு தூக்கம் நான் தூங்கியதே கிடையாது.

விழித்தபோது மடி காலியாக இருந்தது.

குனிந்து இருக்கைக்கு அடியில் பார்த்தேன். கையால் துழாவினேன். அங்கே பாப்கார்ன்தான் கிடந்தது. நிமிர்ந்தபோது பக்கத்துப் பெண்ணின் பர்தாவுக்கு வெளியே ஒரு கால் நீட்டிக்கொண்டிருந்தது. கணுக்காலில் நான் கட்டிய கறுப்புக் கயிறு. மெதுவாகக் கட்டைவிரலை மடக்கி மடக்கி விரித்துக்கொண்டிருந்தது. வயிறு நிறைகிற நேரத்தில் என் மகள் அப்படித்தான் செய்வாள். அது எனக்குத் தெரியும் என்பதே அந்த நிமிடம்தான் எனக்குத் தெரிந்தது. என் பிள்ளை இன்னொருத்தியிடம் பால் குடித்துக்கொண்டிருந்தது.

அடிவயிற்றிலிருந்து ஆத்திரம் கிளம்பி வந்தது. எத்தனை மாதமாயிற்று எனக்குக் கோபம் வந்து! "குடுங்க எம் புள்ளய!" என்று கத்திப் பிடுங்கினேன். சண்டைக்காட்சி முடிந்து படத்தில் யாரோ மெதுவாகப் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. தியேட்டரே திரும்பிப் பார்த்தது. குடித்துக்கொண்டிருந்ததை இழுத்த வேகத்தில் உதட்டோரம் பால் வழிய என் மகள் அலறினாள். அந்த அலறலில் எனக்குப் பால் சுரந்து ரவிக்கையெல்லாம் நனைந்துபோனது.

அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. உடையைச் சரிசெய்துகொண்டாள்.

"எழுப்பினேன்க்கா. தோளப் புடிச்சி ஆட்டினேன், நீங்க எழுந்துக்கவே இல்ல. இது மூச்சே வாங்காம அழுதுக்கினு இருந்திச்சி. எனக்குத் தாங்கல. குடுத்துட்டேன்."

குழந்தையின் உதட்டோரத்தை முந்தானையால் துடைத்தேன்.

"நானும் விளையாட்டுக்குக் குடுக்கலக்கா. எங்க மார்க்கத்துல பால் குடுத்தா அது நம்ம புள்ள. எம் பையனுக்கு இது இனிமே கூடப்பொறந்த தங்கச்சி. கட்டிக்கிற மொற கிடையாது. எங்க வூட்ல கேக்காம செஞ்சிட்டேன், இனிமே போய்தான் சொல்லணும். ஆனா இவளுக்கு நானும் ஒரு அம்மாதான்."

"எம் பொண்ணுக்கு நான் ஒருத்திதான் அம்மா" என்றேன். "வேற யாரும் வேணாம்."

சொல்லி முடித்த பிறகுதான் நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது நினைவுக்கு வந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு, மிச்சப் படம் முழுக்கத் திரையைப் பார்க்காமல் அதன் முகத்தைப் பார்த்தேன். மூக்கு என் நாத்தனாருடையது. நுனி கொஞ்சம் அகன்று, அச்சு அசல்.

வெளியே வரும்போது அவளிடம், "எழுப்பியும் நான் எழுந்துக்கல, நீங்க இன்னா பண்ணுவீங்க" என்று சொன்னேன். "வுடுக்கா" என்றாள் அவள். பையனை இடுப்பில் மாற்றிக்கொண்டு என் மகளின் தலையில் கை வைத்து வாய்க்குள் ஏதோ ஓதிவிட்டுப் போனாள். இந்தமுறை நான் பிள்ளையை இழுக்கவில்லை.

கூட்டிப்போக வந்திருந்த என் கணவரின் பைக்கில் ஏறியதும் அவரிடம், "உங்க அக்காவுக்குப் போன் பண்ணி வேணாம்னு சொல்லிடுங்க" என்றேன்.

"இன்னாது?"

"பாப்பாவ அனுப்பலன்னு சொல்லுங்க."

அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். "இப்போ போய் சொல்றியே. அது எல்லாம் வாங்கி வெச்சிக்கினு ரெடியா இருக்குது. நான் எந்த மூஞ்ச வெச்சிக்கினு சொல்றது?"

"அப்போ நானே சொல்லிக்கிறேன்" என்றேன்.

பாசம் பொத்துக்கொண்டு வந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். வரவில்லை. வீடு வந்து சேர்வதற்குள் அந்த ஆத்திரமும் வடிந்துவிட்டது. துணி அலசினேன், குழந்தையைக் குளிப்பாட்டினேன், பவுடர் போட்டேன். எல்லாம் பழையபடி ஊசி போட்ட கன்னம்தான். போனை எடுக்கவும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே நாத்தனார் வந்துவிட்டார். ஒரு பெரிய பை. பாயில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். கவுன்கள், கொசுவலை, பால் புட்டி, போர்த்தி எடுத்துப் போகத் துவைத்து மடித்த ஒரு துண்டு. பஸ்ஸில் ஜன்னலோர இடமாகப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் குழந்தைக்கு வேர்க்கும் என்று சொன்னார். அப்புறம் என்னைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டி, "வாடி என் செல்லம்" என்றார்.

"குடுக்கல அண்ணி" என்றேன்.

"இன்னாமா?"

"நான் குடுக்க மாட்டேன்."

என் கணவர் தறிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அறுந்துபோகாத நூலை அறுந்துவிட்டது போல் தேடிக்கொண்டிருந்தார். நாத்தனார் கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம், அவருக்கு நியாயம் இருந்தது. அவர் என் முகத்தையே பார்த்தார்.

"தேறிட்டியாம்மா?" என்றார்.

"இல்ல அண்ணி."

"அப்புறம் ஏன்?"

குழந்தையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டேன். அவர் கவுன்களைத் திரும்பப் பையில் வைக்கவில்லை. "போட்டுக்கட்டும், வேற யாரு போட்டுக்கப் போறா" என்று சொல்லிப் பாயின் ஓரமாகத் தள்ளி வைத்தார். புட்டியை மட்டும் எடுத்துப் பைக்குள் போட்டார். எழுந்து நின்றார்.

"ஒரே ஒரு தடவ தூக்கிக்கவாம்மா?"

கொடுத்தேன். தோளில் சாய்த்துக்கொண்டு தலையை மோந்து பார்த்தார். முதுகைத் தட்டிக்கொடுத்தபடி மெல்ல வாசல்வரைக்கும் நடந்தார். நிலைப்படி தாண்டவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. அவர் தோள் குலுங்குவது தெரிந்தது. ஐயோ பாவம் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. இரண்டு கையையும் நீட்டியபடி அவர் முதுகுக்குப் பின்னாலேயே போய் நின்றேன். அவர் திரும்பித் தரும்வரை மடக்கவில்லை.