விரிப்பு வராத அறை

எங்கள் அண்ணி சலவைக்கடை வைத்திருக்கிறார். அண்ணனைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. வந்த மறுமாதமே கடையைத் திறந்துவிட்டார். விரிகுடாவைச் சுற்றியிருக்கும் பதினொரு லாட்ஜுகளின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் அவர் கையில்தான் வெளுக்கின்றன. அண்ணனுக்குச் சரக்குக் கப்பலில் வேலை; வருஷத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். ஆகவே அண்ணியின் அதிகாரம் முழுவதும் கொழுந்தனான என் தலையில்தான் விடியும். நான் திமிங்கிலம் காட்டும் படகை ஓட்டுகிறேன். படகில் நான் உட்காரச் சொன்னால் முப்பது பேர் உட்காருவார்கள். கரைக்கு வந்தால் அண்ணி சொல்லி நான் உட்காருவேன்.

திமிங்கிலங்கள் இங்கே வருஷத்துக்கு ஆறு வாரம்தான் வரும். அந்த ஆறு வாரமும் ஊர் கொள்ளாத கூட்டம். எல்லா லாட்ஜ் வாசலிலும் ‘அறை இல்லை’ என்று பலகை தொங்கும். விவரம் தெரிந்தவர்கள் பலகையைப் பார்த்துத் திரும்பிப் போகமாட்டார்கள். நேராகச் சலவைக்கடைக்கு வருவார்கள். ஒவ்வொரு விரிப்பின் மூலையிலும் லாட்ஜின் அடையாளமும் அறை எண்ணும் சிவப்பு நூலில் தைத்திருக்கும். சீசனில் விரிப்பைத் தினமும் மாற்றுவார்கள். ஓர் அறையின் விரிப்பு இன்று சலவைக்கு வரவில்லை என்றால், நேற்று அதில் யாரும் படுக்கவில்லை. சொந்தக்காரர்களுக்காக ஓர் அறையை ஒளித்து வைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் கையை விரிக்கிற லாட்ஜ்காரர்களின் ஜம்பம் அண்ணியிடம் மட்டும் பலிக்காது. மூட்டையைப் பிரிக்கும்போதே கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடித்துவிட்டால் சும்மாவும் இருக்கமாட்டார்.

போன சீசன் முடிவதற்கு முந்தின நாள், மதியம் மூன்று மணி இருக்கும். கடையில் பெரிய சலவை இயந்திரத்தின் பெல்ட் அறுந்துவிட்டது என்று அண்ணி என்னை அதற்கடியில் படுக்க வைத்திருந்தார். அப்போது ஒரு புருஷனும் பெண்டாட்டியும் பெட்டியோடு வந்து நின்றார்கள். அவர் நகரத்தில் பதினாறு மாடிக் கட்டிடம் ஒன்றில் லிஃப்ட் ஓட்டுகிறவர். இருபத்தாறு வருஷமாக ஓர் இரும்புப் பெட்டிக்குள் நின்று மேலும் கீழும் போய்வந்த மனுஷனுக்கு, கண்ணை மூடுவதற்குள் ஒரு திமிங்கிலத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. அந்த அம்மாளுக்கு அப்படி எந்த ஆசையும் இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

“அஞ்சு லாட்ஜ் ஏறி இறங்கியாச்சு” என்றார் அம்மாள். “அஞ்சு மணிக்குக் கடைசி பஸ். ரூம் கிடைக்கலைன்னா நான் ஏறி உக்காந்துடுவேன். அதுக்கப்புறம் திமிங்கிலம்ங்கிற பேச்சையே வீட்ல எடுக்கக் கூடாதுன்னு இவர்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கேன்.”

லிஃப்ட்காரர் தலையை மட்டும் ஆட்டினார். சத்தியம் செய்து மாட்டிக்கொண்டவர் வேறென்ன செய்வார். மறுநாள் காலைப் பயணம்தான் சீசனின் கடைசி. அதில் இரண்டு இடம் பாக்கி இருக்கிறது என்று இயந்திரத்துக்கு அடியிலிருந்தே நான் சொன்னேன். படகு அதிகாலையில் புறப்படும். இரவு தங்க இடம் கிடைத்தால் திமிங்கிலம், கிடைக்காவிட்டால் பஸ். அந்த மனுஷனின் கண் சுவர்க் கடிகாரத்தை விட்டு அகலவில்லை. எனக்கே பாவமாக இருந்தது.

அண்ணி அன்றைய மூட்டைகளைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார். “நீலக்கதவு லாட்ஜ், ஏழாம் நம்பர். மூணு நாளா விரிப்பு வரல. ரூம் இருக்கு, வாங்க.”

“அங்கேயும் கேட்டோமே, இல்லைன்னு சொல்லிட்டாரு” என்றார் லிஃப்ட்காரர்.

“அவரு அப்படித்தான் சொல்வாரு. நான் கேக்கறேன், வாங்க. தம்பி, பெட்டிய எடு.”

எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு பெட்டியை எடுத்தேன். அண்ணி முன்னால் நடக்க, நாங்கள் மூவரும் பின்னால் போனோம். நீலக்கதவு லாட்ஜில் மொத்தம் எட்டு அறைகள். அதை நடத்தும் புருஷனும் பெண்டாட்டியும் மொட்டை மாடியை ஒட்டிய வீட்டில் குடியிருக்கிறார்கள். வரவேற்பு மேசையில் ஆள் இல்லை. அண்ணி யாருக்காகவும் காத்திருக்கவில்லை. ஏழாம் அறைக் கதவை இரண்டு தட்டுத் தட்டினார். “துணி எடுக்க வந்திருக்கேன்” என்று சொல்லிக்கொண்டே தள்ளித் திறந்தார்.

உள்ளே லாட்ஜ்காரர் பனியனோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் தொலைநோக்கி. ஜன்னலுக்கு வெளியே, எட்டித் தொடும் தூரத்தில், ஐஸ் தொழிற்சாலையின் சுவர்.

நாங்கள் அவரைப் பார்த்தோம், அவர் எங்களைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தொலைநோக்கியைத் தலையணைக்கு அடியில் வைத்தார்.

விஷயம் என்னவென்றால், சீசன் தொடங்கும்போது அவர் வாசலில் ஒரு புதுப் பலகை எழுதி மாட்டியிருக்கிறார்: ‘எல்லா அறைகளிலிருந்தும் திமிங்கிலம் தெரியும்.’ அவர் மனைவிக்குப் பொய் பிடிக்காது. ஏழாம் அறையில் சுவர்தான் தெரியும் என்று சொல்லியிருக்கிறார். இவர், சுவருக்கும் கூரைக்கும் நடுவில் ஓர் இடுக்கு இருக்கிறது, அதில் தெரியும் என்றிருக்கிறார். அப்படியானால் அங்கேயே உட்கார்ந்து பார்த்துவிட்டு மாடிக்கு வாருங்கள் என்று மனைவி சொல்ல, ரோஷத்தில் இவரும் வந்து உட்கார்ந்துவிட்டார். அன்றோடு மூன்று நாள்; யாராவது வந்து கூப்பிட்டால் மட்டும் வரவேற்பு மேசைக்கு எழுந்து போவார்.

“விரிப்ப ஏன் அனுப்பல?” என்று கேட்டார் அண்ணி.

“அனுப்பினா என் தலையெண்ணெய் வாசனைய வச்சே உங்களுக்குத் தெரிஞ்சுடும். உங்களுக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரிஞ்சுடும்” என்றார் லாட்ஜ்காரர்.

பத்தொன்பது வருஷத்தில் அண்ணியின் விரிப்புக் கணக்கு பொய்த்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். வேறு நாளாக இருந்தால் கேலி செய்தே அவரை ஒருவழி பண்ணியிருப்பேன். ஆனால் அண்ணியின் முகம் சுருங்கிவிட்டது. அறை இருக்கிறது என்று வாய் நிறையச் சொல்லி இரண்டு பேரை நடக்க வைத்துக் கூட்டிவந்திருக்கிறார். அம்மாள் என் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டார். “வாங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றார் புருஷனிடம். மணி நாலரை.

லிஃப்ட்காரர் நகரவில்லை. லாட்ஜ்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு காரியம் செய்தார். கட்டிலில் கிடந்த சட்டையை எடுத்து உதறி அவர் கையில் கொடுத்தார். கதவருகே போய், ஓரமாக ஒதுங்கி விறைப்பாக நின்று, ஒரு கையை வெளிப்பக்கமாக நீட்டினார்.

“மேலதானே சார்? வாங்க” என்றார்.

அந்தக் குரலில் என்ன இருந்ததோ தெரியவில்லை. இருபத்தாறு வருஷம் பெரிய பெரிய அதிகாரிகளையெல்லாம் ஏற்றி இறக்கிய குரல். அது சொன்னால் மனுஷன் தன்னையறியாமல் அடியெடுத்து வைத்துவிடுவான் போலிருக்கிறது. லாட்ஜ்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்தார். லிஃப்ட்காரர் கூடவே படியேறினார். நாங்கள் கீழே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். மேலே கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

“முதல்ல அந்தப் பலகைய அழிச்சுட்டு வாங்க” என்று ஒரு பெண் குரல். “சாப்பாடு ஆறிட்டிருக்கு.”

லாட்ஜ்காரர் இரண்டிரண்டு படியாக இறங்கி வந்து பெயிண்ட் டப்பாவைத் தேடினார். ஏழாம் அறைக்கு அண்ணியே கடைக்கு ஓடிப்போய்ப் புது விரிப்பு கொண்டுவந்து போட்டார். அம்மாள் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, ஜன்னலைப் பார்த்து, “சுவரா இருந்தா என்ன, தூங்கத்தானே போறோம்” என்றார். ஐந்து மணி பஸ் ஊதிக்கொண்டு போனது.

மறுநாள் காலை பாறைத்திட்டுக்கு அப்பால் தாயும் குட்டியுமாக இரண்டு திமிங்கிலங்கள் வந்தன. படகுக்கு வெகு அருகில் தாய் நிதானமாகப் புரண்டது. லிஃப்ட்காரர் கம்பியைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, துடைக்கக்கூட இல்லை. அம்மாள்தான் படகையே ரெண்டு பண்ணிவிட்டார். அந்தப் பக்கம் ஓடுவார், இந்தப் பக்கம் ஓடுவார், முன்பின் தெரியாதவர்களின் கையையெல்லாம் பிடித்து இழுத்து, “அங்க பாருங்க, குட்டிய முட்டித் தள்ளுது பாருங்க” என்பார்.

கரைக்கு வந்ததும் நன்றி சொல்ல இருவரும் சலவைக்கடைக்கு வந்தார்கள். நானும் கூட வந்தேன். பஸ்ஸுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. திமிங்கிலப் பேச்சே கூடாது என்று சத்தியம் வாங்கிய அம்மாள் மூச்சு விடாமல் அதைத்தான் பேசினார். அண்ணி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“உங்களுக்கு இதெல்லாம் பழகிப் போயிருக்கும். எத்தன தடவ பாத்திருக்கீங்க?” என்று கேட்டார் அம்மாள்.

“நானா? ஒரு தடவகூட பாத்ததில்ல.”

“படகு ஓட்டுறவரு உங்க கொழுந்தன்தானே?”

“ஆமா” என்றார் அண்ணி, மறுபடி இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொண்டு. “யாரும் கூப்பிடல.”

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். வெயில் அடிக்கிறது என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சீசனில் அண்ணிக்கு வேலை தலைக்கு மேல் இருக்கும், வரமாட்டார் என்று நானே முடிவு கட்டி, ஒரு வார்த்தை கேட்காமலே இத்தனை வருஷத்தை ஓட்டியிருக்கிறேன். ஊருக்கெல்லாம் இடம் பிடித்துக் கொடுத்தவருக்கு என் படகில் ஓர் இடம் கொடுக்கத் தோன்றவில்லை.

“அண்ணி, கிளம்புங்க” என்றேன்.

“சீசன் முடிஞ்சுபோச்சே. இந்த மூட்டையெல்லாம் யாரு பாப்பா?”

அம்மாள் அவர் கையிலிருந்து இஸ்திரிப் பெட்டியை வாங்கினார். லிஃப்ட்காரர் விரிப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். “நாங்க பாத்துக்கறோம், போயிட்டு வாங்க” என்றார்கள் இருவரும்.

டாங்கில் டீசல் கொஞ்சம் மிச்சம் இருந்தது. முப்பது பேர் உட்காரும் படகில் அண்ணி மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தார். பாறைத்திட்டைத் தாண்டி எஞ்சினை நிறுத்தினேன். கால் மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு, படகின் நிழலை ஒட்டியே, தாய்த் திமிங்கிலம் மெல்ல எழும்பி மூச்சு விட்டது. அந்தத் தண்ணீர் அண்ணியின் முகமெல்லாம் தெறித்தது.

அது உள்ளே போகும்வரை அண்ணி கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். பிறகு நனைந்த முகத்தோடு என் பக்கம் திரும்பினார்.

“பத்தொன்பது வருஷமா இதையாடா நீ மட்டும் பாத்துக்கிட்டிருந்த?”