கேள்விக்குறிகளாய் வந்த தமிழ்

விபத்துக்குப் பிறகு என் தோழி யாருடைய அழைப்பையும் எடுக்காமலே இருந்தாள். வவுனியாவில் நாங்கள் ஒன்றாகக் கணினி படித்தவர்கள். அவள் மோட்டார் சைக்கிளில் போனபோது வான் வண்டி ஒன்று மோதி முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டது. சக்கர நாற்காலியோடு இரணைமடுக் குளத்துக்குக் கிட்ட இருக்கும் பெற்றோர் வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஒருநாள் அவளிடமிருந்து செய்தி வந்தது. "நெளுக்குளத்திலை உன்ர வீட்டுக்குப் பைபர் லைன் இருக்குதானே? பழைய கொம்பியூட்டர் ஒண்டும் இருக்கோ?"

இருக்கிறது, ஏன் என்று கேட்டேன். விளக்கம் நீளமாக வந்தது. பல நாடுகளில் ஆர்வலர்கள் தங்கள் வீட்டுக் கணினிகளை அறிவிப்புப் பலகைகளாக வைத்து நடத்தும் பழைய வலையமைப்பு ஒன்றில் அவள் சேர்ந்திருந்தாள். அந்தக் கணினிகள் நேரத்துக்கு நேரம் ஒன்றையொன்று அழைத்து, கொண்டுவந்த கடிதங்களைக் கொடுத்து, தமக்கு வந்தவற்றை வாங்கிக்கொள்ளும். அவள் வீட்டு இணையமோ சிம் போட்ட பெட்டி. அங்கிருந்து வெளியே அழைக்கலாம், வெளியிலிருந்து உள்ளே வரமுடியாது. அதனால் அவளுக்கு வரும் கடிதங்களை வாங்கி வைக்க, எப்போதும் விழித்திருக்கும் கணினி ஒன்று வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவரவர் வீட்டில் உட்கார்ந்து அமைத்தோம். அரை மணிக்கு ஒருதரம் அவள் கணினி என்னுடையதை அழைக்கவேண்டும். அழைத்தது. கடவுச்சொல் பிழை என்று என்னுடையது திருப்பி அனுப்பியது. செய்தியில் எழுதி எழுதிச் சலித்து, கடைசியில் அவளே தொலைபேசியில் அழைத்தாள்.

"எழுத்தெழுத்தாச் சொல்லு பாப்பம்."

சொன்னேன்.

"அதைத்தானடி நானும் போட்டிருக்கிறன்!"

பிறகுதான் கவனித்தேன். "கடைசி எழுத்துக்குப் பிறகு நான் ஒரு இடைவெளி விட்டிருக்கிறன் போல கிடக்கு."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். அடக்கமுடியாமல் சிரித்தாள். "என்ன பிள்ளை, என்ன நடந்தது?" என்று அவள் அம்மா சமையலை விட்டுக் குசினிக்குள்ளிருந்து பதறி ஓடி வந்தது எனக்கும் கேட்டது.

கடிதங்கள் போய்வரத் தொடங்கின. ஆனால் தமிழில் எழுதினால் வரிசை வரிசையாய்க் கேள்விக்குறிகள்தான் வந்தன. அந்தப் பழைய மென்பொருளுக்குத் தமிழ் தெரியாது. "அப்ப கோப்பா வைப்பம்," என்றாள். கோப்பு ஒன்றை என் கணினியில் வைத்து அதற்கொரு பெயர் கொடுத்தால், எந்த நாட்டுக் கணினியும் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டு எடுத்துக்கொண்டு போகலாம். அதற்கான அமைப்பைச் செய்து முடித்ததும் அவள் அனுப்பிய கோப்பு ஒரு கதை. இரணைமடுவில் மீன் வாங்கி விற்கும் பெண்ணொருத்தியின் கதை. என் தோழி கதை எழுதுவாள் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

வாரக்கணக்கில் ஒருவரும் கேட்கவில்லை. "பரவாயில்லை, விடு," என்றாள். ஒரு காலை, படிப்பிக்கப் பாடசாலைக்குப் புறப்படுமுன் பார்த்தேன். எங்கோ குளிர்நாட்டிலிருந்து ஒரு கணினி வந்து கதையை எடுத்துப் போயிருந்தது.

"ஆரோ தவறுதலா எடுத்திருப்பினம்," என்றாள்.

மறுநாள் ஆங்கில எழுத்துகளில் தமிழ்க் கடிதம் வந்தது. அங்கே பேக்கரியில் வேலை செய்பவராம். "இதிலை கொண்டுவந்து நிப்பாட்டினது நியாயமில்லை. மிச்சத்தை எப்ப போடுறியள்?"

"மிச்சம் எனக்கே தெரியாதேயடி!" என்று கத்தினாள். அந்த வாரமே எழுதினாள். இப்போது நாலாம் பகுதி. வேறு சிலரும் கேட்டு எடுக்கிறார்கள்.

போன வாரம் வான் பிடித்து என் வீட்டுக்கு வந்தாள். வாசற்படியில் பலகை போட்டு நாற்காலியை ஏற்றினோம். நேரே கணினியிடம் போய் மூடியைக் கழற்றினாள்.

"தூசியைப் பார்! பழைய பிரஷ் இருந்தா கொண்டுவா."

துடைத்துக்கொண்டே, "மீன்காரிக்குச் சொந்தமா ஒரு வள்ளம் குடுக்கப்போறன்," என்றாள். "ஆனா அது தண்ணியிலை எப்பிடி ஆடுமெண்டு எனக்குத் தெரியாது. ஒருக்கா என்னை ஏத்திக்கொண்டு போவியோ?"

சனிக்கிழமை இரணைமடுவுக்குப் போகிறோம். அவளுடைய தம்பி தனக்குத் தெரிந்த மீனவர் ஒருவரிடம் நாற்காலியோடு ஏறக்கூடிய பெரிய வள்ளமாகக் கேட்டிருக்கிறான்.