மாப்பிள்ளையை மறந்த கல்யாணம்

நாற்பது வயது பியூட்டி பார்லர் அக்கா, மணப்பெண் அலங்காரத்தில் வேன் டிரைவரோடு ஓடிப்போய்விட்டாள் என்று தெருவே பேசியது. விசாரிக்கப் போனேன். அக்கா பார்லரில்தான் இருந்தாள்; நடந்ததைச் சொன்னாள்.

அவள் தம்பி மனைவியின் வயிற்றிலிருந்த பிள்ளைக்கு மண்டையோடு உருவாகவில்லை; பிறந்தாலும் பிழைக்காது. குறையைக் காட்டிக் கருவைக் கலைக்கக் கூடாது என்கிறது புதிதாக வந்திருக்கும் நம் சட்டம். சட்டத்துக்கு மண்டையோடு உண்டா என்று என்னைக் கேட்காதீர்கள். எல்லைக்கு அப்பால், பக்கத்து நாட்டு மருத்துவமனையில் செய்வார்கள். ஆனால் கர்ப்பிணியைக் கண்டால் எல்லைக் காவலர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"மணப்பொண்ணு இருக்கிற வண்டியில, பக்கத்துல இருக்கிறவளை எவன் பார்ப்பான்?" என்று அக்கா தானே மணப்பெண் ஆனாள். மாப்பிள்ளையைத்தான் மறந்துவிட்டாள்! மாப்பிள்ளை எங்கே என்று காவலர் கேட்டதும் திருதிருவென்று விழித்தாள்.

"நான்தாங்க," என்றார் டிரைவர், நெளிந்துகொண்டே.

"கல்யாணச் சாப்பாடு எப்போ?"

"வர்ற மாசம். நீங்களும் வரணும் சார்!"

சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. பார்லரின் உள்ளறையில் படுத்திருந்த தம்பி மனைவி வெகுநாள் கழித்துச் சிரித்தாள். "அண்ணி, அந்தக் காவலருக்குக் கல்யாணச் சாப்பாடு பாக்கி இருக்கு."

"சும்மா இருடி!"

மாதம் கடந்தும் சாப்பாடு போட்டபாடில்லை. டிரைவர் மட்டும் தினமும் பார்லர் வாசலிலேயே வேனைக் கழுவுகிறார்.